ஆப்பிரிக்காவுக்குச் சீனா கொடுக்கும் கடன் பொறியா?

"ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கடனை அள்ளிக் கொடுத்து, அவை திருப்பிக் கட்ட முடியாமல் தவிக்கும்போது துறைமுகத்தையும் சுரங்கத்தையும் சீனா எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். வேறு சிலரோ, மேற்கு நாடுகள் நூறு ஆண்டுகளாகச் செய்யாததைச் சீனா இருபது ஆண்டுகளில் செய்து முடித்துவிட்டது என்கிறார்கள். எது உண்மை?" என்பது கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனுக்கு ஈடாக ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்தையோ விமான நிலையத்தையோ சீனா கைப்பற்றிய நிகழ்வு இதுவரை ஒன்றுகூட இல்லை. அதைக் கொண்டு எல்லாம் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வெளியே காட்டப்படாத ஒப்பந்தங்கள், வருமானத்தைக் கூட்டிக் காட்டித் தீட்டிய திட்டங்கள், சரக்கோடு உள்நாட்டுக்குப் போன ரயில் வெறும் பெட்டிகளோடு துறைமுகத்துக்குத் திரும்பும்படியான வணிக அமைப்பு ஆகிய இடங்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் பெய்ஜிங்கில் தீர்மானிக்கப்படுவதில்லை. சாம்பியா, கென்யா, காங்கோ நாடுகளின் தலைநகரங்களான லுசாகாவிலும் நைரோபியிலும் கின்ஷாசாவிலும் கையெழுத்துப் போடுபவர்களின் மேசையில் தீர்மானிக்கப்படுகிறது.

கதையை 1960களிலிருந்து தொடங்க வேண்டும். சீனாவை ஆப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த வியாபாரியாகப் பார்ப்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். 1965இல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரத்தை அறிவித்துக்கொண்டபோது, கடற்கரையே இல்லாத சாம்பியா தன் செம்பை வெளியே அனுப்பும் வழியை இழக்கும் நிலைக்கு வந்தது. சுரங்கப் பகுதியிலிருந்து தெற்கே போகும் ரயில் பாதை ரொடீசியாவுக்குள்தான் சென்றது. சாம்பியாவின் கென்னத் கவுண்டாவும் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயும், தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் புதிய பாதை ஒன்று வேண்டும் என்று மேற்கு நாடுகளையும் உலக வங்கியையும் கேட்டுப் பார்த்தார்கள். இலாபம் தராத திட்டம் என்று சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். 1967இல் சீனா ஒப்புக்கொண்டது.

அப்போது சீனாவே ஏழை நாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். 98 கோடியே 80 லட்சம் யுவானை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தார்கள்; திருப்பிக் கட்ட 30 ஆண்டுகள் அவகாசம். 1970இல் தொடங்கிய வேலை 1975இல், குறித்த காலத்துக்கு முன்பே, முடிந்தது. தான்சானியாவின் கடற்கரையிலிருந்து சாம்பியாவின் கப்பிரி ம்போஷி வரை 1,860 கிலோமீட்டர். வழியில் 300க்கும் மேற்பட்ட பாலங்கள். சுமார் 50,000 சீனர்கள் முறை மாற்றி முறை அங்கே வந்து வேலை செய்தார்கள். உள்ளூர்ச் செலவுகளுக்கான பணத்தைச் சீனப் பொருள்களை அந்த நாடுகளின் கடைகளில் விற்றுத் திரட்டினார்கள். தார் எஸ் சலாமின் புறநகரான கோங்கோ லா ம்போட்டோவில் ஒரு சிறிய இடுகாடு இருக்கிறது. அந்தப் பாதையிலும் மற்ற உதவித் திட்டங்களிலும் வேலை செய்தபோது இறந்துபோன அறுபதுக்கும் மேற்பட்ட சீனர்கள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். இன்றும் சீனத் தலைவர்கள் தான்சானியாவுக்கு வந்தால் அங்கே மலர்வளையம் வைப்பது வழக்கம். தான்சாரா என்று அழைக்கப்படும் அந்த ரயில் பாதை, சீனாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே பணத்தால் மட்டும் அளக்க முடியாத ஒரு நன்றியுணர்வு இருப்பதற்குக் காரணம்.

அந்த நன்றிக்கு அரசியல் பலனும் இருந்தது. 1971 அக்டோபரில் ஐ.நா. சபையில் தைவானின் இடத்தை மக்கள் சீனத்துக்கு வழங்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆதரவாக விழுந்த 76 வாக்குகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை. ஆனால் பாதையின் பிற்காலம் அவ்வளவு பெருமையானதாக இல்லை. ஆண்டுக்கு 20 லட்சம் டன் சரக்கு என்று திட்டமிட்ட பாதை அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. எஞ்சின்களும் உதிரிபாகங்களும் பற்றாமல், இரண்டு அரசுகளும் பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல், பிற்காலத்தில் அந்த இலக்கில் பத்தில் ஒரு பங்குகூட ஓடாத ஆண்டுகள் வந்தன.

1990களில் சீனாவின் தேவை மாறியது. 1993இல் அது பெட்ரோலியத்தை ஏற்றுமதி செய்வதைவிட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடாக ஆனது. 1994இல் அதன் ஏற்றுமதி இறக்குமதி வங்கி, சுருக்கமாக எக்ஸிம் வங்கி, தொடங்கப்பட்டது. 2000இல் பெய்ஜிங்கில் சீன ஆப்பிரிக்க ஒத்துழைப்பு மன்றம் முதல்முறையாகக் கூடியது. அந்த ஆண்டு ஏறக்குறைய 1,000 கோடி டாலராக இருந்த இருதரப்பு வணிகம், 2024இல் 29,500 கோடி டாலரைத் தாண்டியது. 2009இலேயே அமெரிக்காவை முந்தி, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளியாகச் சீனா ஆகிவிட்டது. கடனைப் பொறுத்தவரை, 2000 முதல் 2023 வரை சீன அரசு வங்கிகளும் நிறுவனங்களும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒப்புக்கொண்ட தொகை சுமார் 18,200 கோடி டாலர். உச்சம் தொட்ட ஆண்டு 2016. அப்போது ஒரே ஆண்டில் 2,800 கோடி டாலர். 2022இல் அது ஏறக்குறைய 100 கோடி டாலராகச் சுருங்கிவிட்டது. சீனா ஆப்பிரிக்காவில் பணத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது என்ற பேச்சு பழைய செய்தியைத் திரும்பச் சொல்வதாகும்.

இந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விவாதம் தெளிந்துவிடும். ஓர் ஆப்பிரிக்க அரசு சாலையோ அணையோ கட்ட விரும்புகிறது என்று வையுங்கள். பெரும்பாலும் ஒரு சீனக் கட்டுமான நிறுவனமே முதலில் அமைச்சரைச் சந்தித்துத் திட்டத்தை முன்வைக்கிறது. "பணத்துக்கு எங்கள் வங்கியிடம் நாங்களே பேசுகிறோம்" என்கிறது. எக்ஸிம் வங்கி கடனை ஒப்புக்கொண்டதும், தொகையின் பெரும்பகுதி அந்த நாட்டின் கருவூலத்துக்குப் போவதே இல்லை. வேலை முடிய முடிய, வங்கியிலிருந்து நேரே கட்டுமான நிறுவனத்தின் கணக்குக்குப் போகிறது. பணம் பெரும்பாலும் சீனாவுக்குள்ளேயே சுற்றிவர, நாட்டுக்குக் கட்டடமும் கடனும் வந்து சேருகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு: பணம் கைமாறும் இடங்கள் குறைவு என்பதால், கட்டுமானம் நடக்காமலே தொகை முழுவதும் மறைந்துபோவது அரிது. தீமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது: போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாததால், விலை நியாயமானதா என்று ஒப்பிட்டுப் பார்க்க யாரிடமும் இன்னொரு விலைப்பட்டியல் கிடையாது.

எண்ணெய் உள்ள நாட்டில் இந்த முறை இன்னொரு படி மேலே போகும். 27 ஆண்டு உள்நாட்டுப் போர் 2002இல் முடிந்தபோது அங்கோலாவிடம் பாலமும் பாதையும் மின்சாரமும் மிச்சமில்லை. பன்னாட்டு நாணய நிதியத்தோடு (ஐ.எம்.எஃப்.) நடந்த பேச்சுகளும் நகரவில்லை. 2004இல் எக்ஸிம் வங்கி 200 கோடி டாலர் கடன் கொடுத்தது; விற்கும் எண்ணெயிலிருந்து வரும் பணம் தனிக்கணக்கு ஒன்றில் விழுந்து, கடன் தவணை அதிலிருந்து முதலில் கழிக்கப்படும். 'அங்கோலா முறை' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அதன்பின் அங்கோலா வாங்கிய சீனக் கடன் மொத்தம் 4,500 கோடி டாலரைத் தொட்டது. கண்டம் முழுவதும் பெற்றதில் நான்கில் ஒரு பங்கு. கிடைத்தவற்றில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தன. லுவாண்டாவில் சீன நிறுவனம் கட்டிய பொது மருத்துவமனை 2006இல் திறக்கப்பட்டு, சுவர்கள் விரிசல் விட்டதால் 2010இல் நோயாளிகளை வெளியேற்றிவிட்டு மூடப்பட்டது. அதே நகரத்துக்கு வெளியே எழுந்த கிலாம்பா என்ற புதிய நகரம், ஆளில்லாத பேய் நகரம் என்று உலகப் பத்திரிகைகளால் விவரிக்கப்பட்டது. அரசு வீட்டு விலையைக் குறைத்ததும் குடும்பங்கள் வந்து நிரம்பிவிட்டன. ஒரு புகைப்படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2014இல் எண்ணெய் விலை சரிந்தபோதுதான் அங்கோலா முறையின் உள்முடிச்சு வெளிப்பட்டது: அதே தவணையைக் கட்ட முன்பைவிட இரு மடங்கு பீப்பாய் தேவைப்பட்டது.

காங்கோ ஜனநாயகக் குடியரசில் எண்ணெயின் இடத்தில் செம்பும் கோபால்ட்டும் இருந்தன. 2008இல் கையெழுத்தான சிக்கோமைன்ஸ் ஒப்பந்தத்தில் சீன நிறுவனங்களுக்கு 68 விழுக்காடும், அரசுச் சுரங்க நிறுவனமான ஜெக்கமீன்ஸுக்கு 32 விழுக்காடும் பங்கு. சுரங்க இலாபத்தைக் கொண்டு சாலைகளும் மருத்துவமனைகளும் கட்டித் தரப்படும் என்பது பேச்சு. முதலில் 600 கோடி டாலராக இருந்த உள்கட்டமைப்புத் தொகை, பன்னாட்டு நிதியம் ஆட்சேபித்ததால் 300 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2023இல் காங்கோவின் நிதி ஆய்வுத் துறை கணக்கை எடுத்துப் பார்த்தபோது, 15 ஆண்டுகளில் உள்கட்டமைப்புக்கு உண்மையில் வந்தது 82 கோடி டாலர் அளவுதான் என்று தெரியவந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் அதிகம் வலியுறுத்த விரும்புகிறேன். காங்கோ அரசு மறுபேச்சுக்கு அழைத்தது; ஓராண்டு இழுபறிக்குப் பின், 2024 மார்ச்சில் உள்கட்டமைப்புக்கான தொகை 700 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. உலகின் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு தன் மண்ணிலிருந்து வருகிறது என்பதைத் தாமதமாகவாவது பேரத்தில் வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியையே சில மாதங்கள் நிறுத்திவைத்து, பின்னர் பங்கீட்டு முறைக்கு மாற்றினார்கள். ஆப்பிரிக்க அரசுகளைக் கையாலாகாதவையாகச் சித்திரிப்பவர்கள் இந்த நிகழ்வுகளைப் பார்க்க மறுக்கிறார்கள். ஆனால் அதிக தொகை பெறும் அரசு அதைக் கொல்வேசியில் கையால் தாது தோண்டிப் பிழைப்பவர்களின் ஊர்களுக்குச் செலவிடுகிறதா என்ற கேள்வியைச் சீனாவிடம் கேட்டுப் பயனில்லை.

இனி கென்யாவுக்கு வருவோம். அங்கே நின்று நிதானமாகப் பார்க்க நிறைய இருக்கிறது. மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ஆங்கிலேயர்கள் 1896 முதல் 1901 வரை அமைத்த பழைய மீட்டர் கேஜ் பாதைக்காகப் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சுமார் 32,000 கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறக்குறைய 2,500 பேர் அந்த வேலையில் இறந்துபோனார்கள். அந்தப் பழைய பாதைக்கு இணையாகச் சீன நிறுவனம் அமைத்த, அதைவிட அகலமான ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையில் 2017 மே 31 அன்று முதல் ரயில் ஓடியது. மொம்பாசாவுக்கும் நைரோபிக்கும் இடையே 470 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; செலவு சுமார் 360 கோடி டாலர்; அதில் 90 விழுக்காடு எக்ஸிம் வங்கிக் கடன். சாவோ வனப்பகுதியில் யானைகள் அடியில் கடந்துபோகும்படி பாதையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஏறும் முன் பயணிகள் தங்கள் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். மோப்ப நாய் ஒன்று வரிசை நெடுக முகர்ந்துகொண்டே போகும். பேருந்தில் எட்டு, ஒன்பது மணி நேரம் குலுங்கிப் போன குடும்பங்கள் இன்று ஐந்து, ஆறு மணி நேரத்தில் கடற்கரைக்குப் போய்விடுகின்றன. விடுமுறைக் காலத்தில் பயணச்சீட்டுக்கு அடிதடிதான். பயணிகளைக் கேட்டால் இந்த ரயிலைக் குறை சொல்பவர் அரிது.

ஆனால் இவ்வளவு பெரிய கடனைப் பயணச்சீட்டு அடைக்காது; சரக்குதான் அடைக்க வேண்டும். சிக்கல் அங்கே தொடங்கியது. பழைய பாதையைப் புதுப்பித்தாலே போதும், செலவு பல மடங்கு குறையும் என்று 2013இலேயே உலக வங்கி ஆய்வு சொல்லியிருந்தது. புதிய ரயிலுக்கு எதிர்பார்த்த சரக்கு வராதபோது, மொம்பாசாவில் இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலில்தான் நைரோபி போக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. லாரிக்காரர்களும் கிடங்கு உரிமையாளர்களும் மொம்பாசா தெருக்களில் ஊர்வலம் போனார்கள். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுநர்களை நம்பியிருந்த ம்டிட்டோ ஆண்டேய் போன்ற ஊர்களின் சாப்பாட்டுக் கடைகளும் விடுதிகளும் காற்றாடின. 2022 செப்டம்பரில் வில்லியம் ரூட்டோ அதிபராகப் பதவியேற்றவுடன் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். உகாண்டா எல்லை வரை போக வேண்டிய பாதை, அடுத்த கட்டத்துக்குப் பெய்ஜிங் பணம் தர முன்வராததால், நைவாஷாவுக்கு அருகே வெட்டவெளியில் போய் நின்றுவிட்டது. உகாண்டா காத்திருந்து பார்த்துவிட்டு, தன் பகுதிப் பாதைக்கு 2024இல் துருக்கி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்தக் கடன் ஒப்பந்தங்களைப் பல ஆண்டுகள் யாரும் பார்க்க முடியவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டபோதும், சமூக ஆர்வலர்கள் நீதிமன்றம் போனபோதும், ரகசியக் காப்பு விதியைக் காட்டி அரசு மறுத்தது. 2022 நவம்பரில் புதிய போக்குவரத்து அமைச்சர் ஒரு பகுதியை வெளியிட்டார். ஏறக்குறைய பாதித் தொகைக்கு 2 விழுக்காடு நிலையான வட்டி; மீதிப் பாதிக்கு, டாலர் கடனுக்கான ஏறி இறங்கும் இலண்டன் சந்தை வட்டி விகிதத்துக்கு மேல் 3.6 விழுக்காடு. தகராறு வந்தால் பெய்ஜிங்கில் நடுவர் தீர்ப்பு; பொருள் கொள்முதலில் சீனாவுக்கு முன்னுரிமை. கடனுக்காக மொம்பாசா துறைமுகம் பறிபோகும் என்ற பயம் பத்திரிகைகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது, உண்மையில் கென்யாவைக் கடித்தது இந்தச் சந்தை வட்டிதான். 2022க்குப் பின் அமெரிக்கா வட்டியை உயர்த்த உயர்த்த, நைரோபியின் தவணையும் ஏறிக்கொண்டே போனது. கென்ய நாணயமான ஷில்லிங்கின் மதிப்பு இறங்கியது அதோடு சேர்ந்துகொண்டது. 2025இல் கென்யா அந்த டாலர்க் கடன்களை யுவானுக்கு மாற்றியது. ஆண்டுக்கு 21 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று நிதியமைச்சர் அறிவித்தார்.

துறைமுகப் பறிமுதல் என்ற கதை எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் எளிதில் ஊகிப்பார்கள். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனதுதான் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. அங்கேயும், குத்தகையாகக் கிடைத்த 112 கோடி டாலர் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை; அந்நியச் செலாவணிக் கையிருப்பைத் தூக்கி நிறுத்தப் போயிற்று, கடன் அப்படியே நின்றது. இலங்கை 2022இல் கையை விரித்தபோது அதை அதிகம் அழுத்திக்கொண்டிருந்தது பன்னாட்டுச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்கள்.

சாம்பியாவிலும் அதே காட்சிதான். 2020 நவம்பரில் அது செலுத்தத் தவறிய தவணை, கடன்பத்திரங்களுக்கான 4 கோடியே 25 லட்சம் டாலர் வட்டி. ஆனால் பத்திரக்காரர்கள் ஏன் அவகாசம் தர மறுத்தார்கள் என்று பார்த்தால் சீனா உள்ளே வருகிறது: "நாங்கள் விட்டுக்கொடுக்கும் பணம் சீன வங்கிகளுக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி? அவர்களுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள் என்றே தெரியவில்லையே" என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. அரசு சுமார் 340 கோடி டாலர் என்று சொல்லிவந்த சீனக் கடன், 2021இல் ஹக்காயிண்டே ஹிச்சிலேமா ஆட்சிக்கு வந்தபின் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தபோது 660 கோடி டாலராக இருந்தது. வெவ்வேறு அமைச்சகங்களும் அரசு நிறுவனங்களும் தனித்தனியாக வாங்கிய கடன்களை ஓரிடத்தில் எழுதிவைக்கவே இல்லை. 2023 ஜூனில் 630 கோடி டாலர் அரசுமுறைக் கடனை (வெளிநாட்டு அரசுகளுக்கும் அவற்றின் வங்கிகளுக்கும் தர வேண்டியதை) சீரமைக்க உடன்பாடு ஏற்பட்டது; அதில் 410 கோடி டாலர் சீன எக்ஸிம் வங்கிக்குரியது. தவணைகள் 2043 வரை நீட்டப்பட்டன; 2037 வரை வட்டி 1 விழுக்காடு. அசலைத் தள்ளுபடி செய்ய மாட்டோம், காலத்தை நீட்டுவோம் என்பதே சீன வங்கிகளின் வழக்கம். அதே வழக்கம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா ஜிபூட்டி ரயில் கடனிலும் நடந்தது. சுரங்கத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் சாம்பியா சந்தையில் புதுக்கடன் திரட்ட முடியாமல் தவித்தது. ரகசியத்தின் விலையை அப்படித்தான் மக்கள் கட்டினார்கள்.

தொழிலாளர் விஷயத்திலும் இப்படி நிதானித்துப் பார்க்க வேண்டும். சீன நிறுவனங்கள் தங்கள் ஆட்களையே கப்பலேற்றி வருகின்றன என்பது பரவலான நம்பிக்கை. 2017இல் 8 ஆப்பிரிக்க நாடுகளில் 1,000க்கும் மேற்பட்ட சீன நிறுவனங்களை ஆராய்ந்தபோது, ஊழியர்களில் 89 விழுக்காட்டினர் உள்ளூர்க்காரர்கள். மேலாளர்களில் மட்டும் 44 விழுக்காடு. வேலை கிடைக்கிறது, நாற்காலி கிடைப்பதில்லை என்பதே சரியான குறை. பாதுகாப்புக் குறைபாடு அதைவிடக் கொடியது. சாம்பியாவின் சம்பிஷியில் 2005 ஏப்ரலில் சீன நிறுவனத்தின் வெடிமருந்து ஆலை வெடித்து ஏறக்குறைய 50 உள்ளூர்த் தொழிலாளர்கள் மாண்டார்கள். 2025 பிப்ரவரி 18 அன்று அதே சம்பிஷிக்கு அருகில் சைனோ மெட்டல்ஸ் லீச் சாம்பியா என்ற சீன அரசுச் சார்பு நிறுவனத்தின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு ஓடை வழியாகக் காஃபூவே ஆற்றில் கலந்தது. செத்த மீன்கள் நெடுந்தூரம் வரை மிதந்தன. கிட்வே நகரத்தின் குழாய்த் தண்ணீர் நிறுத்தப்பட்டது. கரையோர மக்காச்சோளப் பயிர் கருகியது. இப்படி ஓர் ஆலையைச் சீனாவிலேயே இன்று இந்த நிலையில் நடத்த விடுவார்களா என்று சாம்பிய மக்கள் கேட்டால், அதற்கு நட்புறவைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது. அந்த அணையைச் சோதித்திருக்க வேண்டிய சாம்பிய அதிகாரிகளும் பதில் சொல்ல வேண்டியவர்களே.

அரசுகளுக்கு வெளியே நடக்கும் வணிகம் பற்றி ஒரு வார்த்தை. ஆப்பிரிக்காவில் அதிகம் விற்கும் கைபேசிகளான டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றும் ஷென்ஜெனைச் சேர்ந்த டிரான்ஷன் நிறுவனத்துடையவை. கறுத்த நிறத்தவர் முகம் தெளிவாக விழும்படி கேமராவைச் சரிசெய்து, மின்வெட்டு ஊர்களுக்கு ஏற்ற பேட்டரியும் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் வசதியும் கொடுத்து, அம்ஹாரிக் மொழி விசைப்பலகையும் வைத்து அந்தச் சந்தையைப் பிடித்தார்கள். அதுவரை ஏழை வாடிக்கையாளரின் முகத்துக்காகக் கேமராவைத் திருத்த வேண்டும் என்று எந்தப் பெரிய நிறுவனமும் நினைத்ததில்லை. மறுபுறம், கானோவிலும் கதுனாவிலும் பத்தாயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த நைஜீரிய நெசவாலைகள் மூடியதற்கு, மின்வெட்டோடும் கடத்தலோடும் சேர்ந்து, மலிவான சீனத் துணியும் ஒரு காரணம்.

இந்த ஏற்றத்தாழ்வைத்தான் நான் கடனைவிடப் பெரிய சிக்கலாகக் கருதுகிறேன். 2024இல் மட்டும் சீனாவுடனான வணிகத்தில் ஆப்பிரிக்காவின் பற்றாக்குறை சுமார் 6,200 கோடி டாலர். போவது எண்ணெயும் தாதும். வருவது இயந்திரமும் துணியும் கைபேசியும். 2024 டிசம்பர் 1 முதல், மிகப் பின்தங்கிய 33 ஆப்பிரிக்க நாடுகளின் பொருள்களுக்குச் சீனா சுங்கவரியை முழுவதும் நீக்கியது. 2025 ஜூனில், தைவானோடு உறவு வைத்திருக்கும் எஸ்வாட்டினியைத் தவிர மற்ற 53 நாடுகளுக்கும் அதை விரிப்பதாக அறிவித்தது. நல்ல செய்திதான், ஆனால் வரி மட்டும் தடையாக இருந்ததில்லை. கென்யாவின் அவகேடோவுக்குச் சீனா முதலில் கதவு திறந்தபோது, தோலுரித்து உறைநிலைக்கு வெகு கீழே குளிரூட்டிய பழம்தான் வரலாம் என்று நிபந்தனை வைத்தது. அந்தக் குளிர்சாதன வசதி மிகச் சில ஏற்றுமதியாளர்களிடமே இருந்தது. மரத்திலிருந்து பறித்த பழமாகவே அனுப்பலாம் என்ற அனுமதி 2022இல்தான் கிடைத்தது. சிறுவிவசாயிக்கு அந்த அனுமதி எந்த உச்சி மாநாட்டு அறிவிப்பையும்விட மதிப்புள்ளது.

ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் லித்தியத் தாதை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது; அங்கே சுரங்கம் வாங்கியிருந்த சீன நிறுவனங்கள், தாதைச் செறிவூட்டும் ஆலைகளை அந்த நாட்டிலேயே கட்டின. கட்டாயப்படுத்தினால் கட்டுவார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தான்சாராவும் மறுபடி செய்தியாகியிருக்கிறது. 2025 செப்டம்பரில் கையெழுத்தான உடன்பாட்டின்படி, சீனக் கட்டுமான நிறுவனம் ஒன்று 140 கோடி டாலர் போட்டுப் பாதையைச் சீர்செய்து, 30 ஆண்டுகள் நடத்திப் போட்ட முதலை எடுத்துக்கொள்ளும்; 1967இல் வட்டியில்லாமல் கொடுத்தவர்கள் இன்று முதலீட்டாளராகத் திரும்பி வருகிறார்கள். எதிர்த்திசையில், அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதையை அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆதரிக்கின்றன. அந்தப் பாதையின் அங்கோலாப் பகுதியைப் போருக்குப் பின் புதுப்பித்துக் கொடுத்ததும் சீன நிறுவனமே. ஒரே செம்பைக் கிழக்கே இழுக்க ஒரு பாதை, மேற்கே இழுக்க ஒரு பாதை என்று இரண்டு வல்லரசுகள் போட்டிபோடும் காலம் சாம்பியாவுக்கும் காங்கோவுக்கும் இதற்கு முன் வாய்த்ததில்லை. லுவான்ஷ்யாவில் செம்பைக் கம்பியாகவும் கேபிளாகவும் இழுக்கும் ஆலை ஒன்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அப்படிப்பட்ட ஆலைகள் இன்னும் சில எழுமா, தார் எஸ் சலாமில் சாம்பியாவின் செம்பு தகடாகவே இறங்குமா, கேபிள் சுருளாக இறங்குமா என்பதைத்தான் இனி வரும் ஆண்டுகளில் நான் கவனிப்பேன்.